சின்ன ‘டி’ போட்டது தப்புதான், டீச்சர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சுருக்கமாகத் தருகிறேன்.

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பிறகு பி.ஏ. ஆங்கிலம், பி.எட். நாலு வருடமாக ஒரு தனியார் ஆங்கில மீடியம் பள்ளியில் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுக்கிறார். டிசம்பரில் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா. மேடைக்குப் பின்னால் கட்டும் துணி பேனருக்கு வாசகம் எழுதித் தரும் பொறுப்பு இவருக்கு வந்தது. எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டின் முதல் வரியை எழுதிக் கொடுத்தார்: “’ட்வாஸ் த நைட் பிஃபோர் கிறிஸ்துமஸ்.” தொடக்கத்தில் மேல் கமா (அப்பாஸ்ட்ரஃபி), அடுத்து சின்ன டி (t). அச்சகத்தில் அப்படியே அடித்தார்கள். அலுவலகத்தில் பார்த்தார்கள், மேடையில் கட்டினார்கள், யார் கண்ணிலும் படவில்லை. விழா நடந்துகொண்டிருக்கும்போது ஒரு மாணவியின் அப்பா போனில் படம் எடுத்து ஹெட்மிஸ்ட்ரஸிடம் காட்டினார். அவர் இவரை மேடை ஓரத்துக்குக் கூப்பிட்டு, நாலு பெற்றோர் காதில் விழும்படி, “தமிழ் மீடியத்துல படிச்சா இப்படித்தான் வரும்” என்றார். மறுநாள் இரண்டு உத்தரவுகள் வந்தன. பேனர் செலவு 1,400 ரூபாய் சம்பளத்தில் பிடிக்கப்படும். மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஐந்தாம் வகுப்பு நோட்டுகளில் “இட்’ஸ்”, “டோன்’ட்” என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு இவர் அரை மார்க் குறைத்து வந்திருக்கிறார். சுருக்கச் சொல்லில் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்று கல்லூரியில் ஒரு பேராசிரியர் சொல்லிக் கொடுத்தாராம். படம் எடுத்த அதே அப்பா அந்த நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கேட்டிருப்பது மூன்று கேள்விகள். நான் எழுதியது உண்மையிலேயே தப்பா? மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் இதைப் புகாராகக் கொண்டுபோகலாமா? ராஜினாமா செய்துவிடட்டுமா?

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உங்களை நினைத்து வருத்தமாக இருந்தது. இரண்டாம் தடவை, அரை மார்க் போன அந்தப் பிள்ளைகளை நினைத்து. அதற்குப் பின்னால் வருகிறேன். நான் மனநல ஆலோசகரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் எடுக்கப் பயிற்சி கொடுப்பதே முப்பது வருடமாக என் பிழைப்பு. ஆகவே முதல் கேள்விக்கு உறுதியாகவும், மற்ற இரண்டுக்கும் உங்களைவிடக் கொஞ்சம் வயதானவன் என்ற அளவிலும் பதில் சொல்கிறேன்.

கசப்பை முதலில் குடித்துவிடுவோம். அந்த டி பெரிய டியாகத்தான் இருக்க வேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் சரி. நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அவமானப்படுத்தினார், அதனால் அவர் சொன்ன இலக்கணமும் தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் மனசு வாதாடுகிறது. கடிதத்தின் மூன்றாம் பக்கம் முழுக்க அந்த வாதம்தான்.

மேல் கமா எழுத்து ஆகாது

உங்கள் வாதம் முட்டாள்தனமானது இல்லை. “இட் வாஸ்” என்பதில் ஐ விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில் மேல் கமா உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் முதல் இடம் மேல் கமாவுடையது. பெரிதாக வேண்டிய ஐ ஆளே இல்லை. டி இரண்டாம் எழுத்து, அது ஏன் பெரிதாக வேண்டும்? யோசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். கேப்பிடல் எழுத்தே இல்லாத மொழியில் வளர்ந்த நமக்கு இப்படி ஒரு விளக்கத்தை நாமே கட்டிக்கொள்வது சுலபம். தமிழில் பெரிய அ, சின்ன அ கிடையாது. உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் படித்த மலையாளத்திலும் கிடையாது. மேல் கமாவும் இரண்டு மொழிக்கும் சொந்தம் இல்லை. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளிகூட வைக்காமல் எழுதிய பரம்பரை நம்முடையது.

ஆனால் வாதம் ஓர் இடத்தில் சறுக்குகிறது. மேல் கமா ஒரு குறி, எழுத்து இல்லை. உங்கள் பாடப் புத்தகத்தில் யாராவது பேசுகிற ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். முதலில் மேற்கோள்குறி, அப்புறம் பெரிய எழுத்து. மேற்கோள்குறி முதலில் வந்துவிட்டதே என்று அடுத்த எழுத்தை யாரும் சின்னதாகப் போடுவதில்லை. அடைப்புக்குறிக்குள் தொடங்கும் முழு வாக்கியமும் அப்படியே. ஆங்கிலத்தில் கேப்பிடல் போகிற இடம் வாக்கியத்தின் முதல் குறி இல்லை, முதல் எழுத்து. காணாமல் போன எழுத்துக்கு அங்கே கணக்கு கிடையாது, கண்ணுக்குத் தெரிகிற எழுத்துக்குத்தான்.

இதை விளங்கவைக்க நமக்கு ஆங்கில இலக்கணப் புத்தகமே வேண்டாம், நன்னூல் போதும். பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்த உங்களுக்கு இந்த மூன்று சொல்லும் நினைவிருக்கும்: முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை. தாமரை ‘மரை’ ஆனால் முதற்குறை. ஓந்தி ‘ஓதி’ ஆனால் இடைக்குறை. நீலம் ‘நீல்’ ஆனால் கடைக்குறை. “டோன்’ட்” என்பதில் நடுவில் ஓர் ஓ விழுகிறது, இடைக்குறை மாதிரி. “’ட்வாஸ்”, “’டிஸ்” (‘இட் இஸ்’ஸின் சுருக்கம்) இரண்டிலும் தலை விழுகிறது, முதற்குறை. தாமரையில் ‘தா’ போன பிறகு அந்தச் சொல்லின் முதலெழுத்து எது என்று கேட்டால் ‘ம’ என்றுதான் சொல்வோம். போன ‘தா’வுக்கு இடம் பிடித்து வைத்திருப்போமா? அதே கதைதான் டிக்கும். உங்களைக் குத்திக் காட்டிய அதே தமிழ் மீடியத்தில்தான் இதற்குப் பொருத்தமான விளக்கமும் இருக்கிறது. இதை ஸ்டாஃப் ரூமில் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

உங்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். டச்சு மொழியில் நீங்கள் பாஸ். அங்கேயும் இதே “’டிஸ்” போன்ற ஒரு சுருக்கம் உண்டு. வாக்கியத் தொடக்கத்தில் வந்தால் மேல் கமாவுக்குப் பிறகு சின்ன டிதான் போட வேண்டும். ஒரு இடம் விட்டு, அடுத்த சொல்லின் ஐதான் பெரிதாகும். நீங்கள் இருக்கும் சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கொச்சிக் கோட்டையில் 1663 முதல் 1795 வரை டச்சுக்காரர்கள்தான் இருந்தார்கள். அவர்களே தொடர்ந்திருந்தால் பேனரில் உங்கள் சின்ன டி யாரையும் உறுத்தியிருக்காது. வந்து தங்கியது ஆங்கிலம், அதனால் அதன் விதி. இந்த விதிகள் இயற்கை நியதி இல்லை, ஒவ்வொரு மொழியும் தனக்கென்று வைத்துக்கொண்ட ஏற்பாடு. அப்படி நினைத்தால், தப்புப் போட்டதற்குக் கூசுவது கொஞ்சம் குறையும்.

இன்னும் இரண்டு இடங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் கேட்பார்கள். வாக்கியத்தின் நடுவில் “’ட்வாஸ்” வந்தால் சின்ன டிதான். ஆனால் பழைய பாட்டுகளில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பெரிய எழுத்து போடுவது வழக்கம், எனவே வரி அதில் தொடங்கினால் வாக்கியம் பாதியில் இருந்தாலும் பெரிய டி. உங்கள் பேனர் வரிக்கு இரண்டு காரணமும் பொருந்தும். வாக்கியத் தொடக்கம், பாட்டுத் தொடக்கம். 1823 டிசம்பர் 23ஆம் தேதி அமெரிக்காவில் ட்ராய் என்ற ஊரின் பத்திரிகையில் எழுதியவர் பெயர் இல்லாமல் வெளிவந்த பாட்டு அது. இன்று வரும் புத்தகங்களில் நீங்கள் எதைப் புரட்டினாலும் முதலில் மேல் கமா, பிறகு பெரிய டி.

மேல் கமாவுக்குப் பின்னால் வருவது எப்போது பெரிதாகும் என்ற குழப்பமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. “இட்’ஸ்” என்று வாக்கியம் தொடங்கினால் ஐ மட்டும் பெரிது, எஸ் சின்னது. ஆனால் உங்கள் வகுப்பில் டி’க்ரூஸ் என்று ஒரு பையன் இருந்தால் அவன் பெயரில் மேல் கமாவுக்கு அடுத்த சி பெரிது. க்ரூஸ் தனியே ஒரு பெயர், பெயரின் முதலெழுத்து பெரிதாகிறது. “இட்’ஸ்”ஸில் உள்ள எஸ் யாருடைய பெயரும் இல்லை, ‘இஸ்’ஸின் வால். இந்த வித்தியாசம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எக்செலில் ‘ப்ராப்பர்’ என்று ஒரு ஃபார்முலா உண்டு. டி’க்ரூஸைச் சரியாகப் போடும். “டோன்’ட்”டைக் கொடுத்தால் கடைசி டியையும் பெரிதாக்கிக் கையில் தரும். நான் இதில் விழுந்தவன்தான். ஒரு பயிற்சி முகாமுக்கு அறுபது கையேடு அடித்தேன். தலைப்புகளை எல்லாம் அந்த ஃபார்முலாவில் போட்டு எடுத்தேன். அட்டையிலேயே “லெட்’ஸ் ஸ்பீக் இங்கிலீஷ்”, எஸ் மட்டும் ஆனை மாதிரி பெரிதாக நின்றது. ஆங்கிலம் கற்பிக்க வந்த ஆளின் புத்தகம்! அறுபதிலும் வெள்ளை மை வைத்து உட்கார்ந்து திருத்தினேன், இரவு பதினொரு மணி வரை. (தலைப்பு முழுவதும் கேப்பிடலில் இருந்தால் எஸ்ஸும் பெரிதாக இருப்பதில் தப்பில்லை. பேனரை அப்படி அடிக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.)

சுருக்கச் சொல்லில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். உங்கள் பேராசிரியர் என்ன சொன்னார், நீங்கள் என்ன எழுதிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த நம்பிக்கையோடு வரும் ஆசிரியர்களைப் பயிற்சி வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால், வேறு இரண்டு உண்மையான விதிகள் குழம்பி இப்படி ஆகியிருக்கும்.

ஒன்று, இடம் பற்றியது. விண்ணப்பம், அலுவலகக் கடிதம், ஆய்வுக் கட்டுரை போன்றவற்றில் சுருக்கச் சொல்லைத் தவிர்ப்பது மரியாதை. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடமான லீவ் லெட்டரில் “ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்றுதான் வரும், “ஐ’ம்” வராது. ஆனால் அந்த விதி கடிதம் முழுவதற்கும் பொருந்தும். வாக்கியத்தின் முதலில் மட்டும் கூடாது, நடுவில் போடலாம் என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது இன்னும் சுவையானது. சுருக்கச் சொல்லுக்குத் தடை இருப்பது வாக்கியத்தின் முடிவில். “ஆர் யூ ரெடி?” என்று கேட்டால் “யெஸ், ஐ ஆம்” என்று முழுசாகச் சொல்ல வேண்டும். “யெஸ், ஐ’ம்” என்று நிறுத்தினால் மாடிப்படியில் கடைசிப் படி இல்லாத மாதிரி இருக்கும். அங்கே ‘ஆம்’ மேல் அழுத்தம் விழுகிறது, அழுத்தம் விழும் சொல் சுருங்காது. ஆனால் “நோ, ஐ டோன்’ட்” என்று முடிக்கலாம். ‘நாட்’ சேர்ந்த சுருக்கத்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. ‘முடிவில் கூடாது’ என்ற விதி எங்கோ கை மாறி ‘முதலில் கூடாது’ என்று ஆகியிருக்கலாம். உங்கள் பேராசிரியரைக் குறை சொல்லவில்லை. நோட்ஸ் நகல் எடுக்கும்போது இப்படி ஆவது உண்டு.

சுருக்கச் சொற்களே பிடிக்காத பெரியவர்கள் ஆங்கிலத்திலும் இருந்தார்கள். ஜோசப் அடிசன் 1711இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் “கான்’ட்”, “வோன்’ட்” போன்றவற்றைப் பற்றிப் புலம்பினார். முந்நூறு வருடம் ஆயிற்று. அவை போகவில்லை.

முதலில் வரக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தால் ஆங்கிலம் பேசவே முடியாது. “இஸன்’ட் இட் ஹாட்?” என்பதை அப்படியே விரித்தால் “இஸ் நாட் இட் ஹாட்?” என்று கோணலாகும். “இஸ் இட் நாட் ஹாட்?” என்று வரிசையையே மாற்ற வேண்டும். “லெட்’ஸ் கோ” என்றால் வா, போகலாம். “லெட் அஸ் கோ” என்று விரித்தால் அது ‘எங்களை விடுங்கள், போகிறோம்’ என்றும் அர்த்தமாகும். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த அரை மார்க்

டீச்சர், கொஞ்சம் வலிக்கும். “இட்’ஸ் மை டாக்” என்று ஐ பெரிதாக, எஸ் சின்னதாக, மேல் கமா சரியான இடத்தில் எழுதிய பிள்ளை எல்லாமே சரியாக எழுதியிருக்கிறது. அதன் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை எட்டிப் பார்த்திருக்கும். மேடை ஓரத்தில் உங்களுக்கு நடந்ததில் பாதியாவது அதற்கும் நடந்திருக்கிறது. நீங்கள் அவமானப்படுத்த நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கடிதத்தின் ஆறு பக்கத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு நாலு வரிதான் கிடைத்திருக்கிறது. அதிலும் இரண்டு வரி அந்த அப்பாவைத் திட்டுவது.

வகுப்பு நோட்டுகளைத் திரும்ப வாங்குங்கள். எத்தனை மாசத்து நோட்டானாலும் சரி. உங்கள் கையாலேயே கோட்டை அடித்து, அரை மார்க்கைக் கூட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். வகுப்பில் “நான் ஒண்ணு தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன், இன்னிக்கு அதைத் திருத்தப்போறோம்” என்று சொல்லுங்கள். மதிப்புக் குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். மார்க் திரும்பக் கிடைத்த பிள்ளை அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அப்பாவின் வாய் அடைபட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பாடத்தை இப்படி எடுக்கலாம். நாலு கோடு போட்ட போர்டில் சாக்பீஸால் “இட் வாஸ்” என்று எழுதுங்கள். ஐ பெரிது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு விரலால் ஐயை அழிக்கச் சொல்லுங்கள். அழித்த இடத்தில் மேல் கமா போடுங்கள், நடுவில் உள்ள இடைவெளியையும் மூடுங்கள். “இப்போ லைன்ல யாரு முதல்ல நிக்கிறா?” என்று கேளுங்கள். வகுப்பே “டீ!” என்று கத்தும். அசெம்பிளி வரிசையில் முதல் ஆள் லீவு என்றால் இரண்டாவது ஆள் முன்னால் வந்து நிற்கிற மாதிரி. டியைப் பெரிதாக்குங்கள். அடுத்து “இட் இஸ்” எழுதி ‘இஸ்’ஸின் ஐயை மட்டும் அழியுங்கள். இப்போது முதலில் நிற்பவர் மாறவில்லை, எஸ்ஸும் வளரவில்லை. பத்து நிமிடப் பாடம். நாலாம் வகுப்புக்கு இரண்டாவது பாதி மட்டும் போதும். “’ட்வாஸ்”, “’டிஸ்” எல்லாம் பாட்டில் வந்தால் சொன்னால் போதும், இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை.

புகார், பிடித்தம், ராஜினாமா

மொழிச் சிறுபான்மையினர் என்று நீங்கள் எழுதியிருப்பது வெறும் வார்த்தை இல்லை. 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைகள் போட்டபோது எந்தப் பக்கமானாலும் கொஞ்சம் பேர் ‘மறுபக்கத்தில்’ விழத்தான் செய்தார்கள். அதற்காகவே அதே வருடம் அரசியலமைப்பில் 350ஏ, 350பி என்று இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். முதலாவது, தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்து தருவது பற்றியது. இரண்டாவது, மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அலுவலர் பற்றியது. உங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் ஆள் போடவில்லை, புத்தகம் வரவில்லை என்றால் அவற்றை எடுத்துப் பேசலாம். தனியார் பள்ளி விழாவில் ஒருவர் வாய்விட்ட ஒரு வார்த்தைக்கு அந்த ஆயுதம் பொருந்தாது. தூக்கிக்கொண்டு போனால், “தப்பு தப்புதானே?” என்ற ஒரே கேள்வியில் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்போது இன்னும் கூசும்.

ஆனால் சும்மா விடச் சொல்லவில்லை. மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்கிறார்கள் அல்லவா, அதை இப்படி எழுதுங்கள்: பேனர் வாசகத்தில் முதல் சொல்லின் டி சின்ன எழுத்தாக அச்சானது, பெரிய எழுத்தாக இருந்திருக்க வேண்டும், தவறு என்னுடையது, இனி வாசகங்களை அச்சுக்கு அனுப்பும் முன் இன்னொரு ஆசிரியரிடமும் காட்டுவேன். நாலு வரி, தேதி, கையெழுத்து, நகல் உங்களிடம். “எனக்கு ஆங்கிலம் சரியாக வராது”, “நான் தமிழ் மீடியம் என்பதால்” என்று எதையும் உள்ளே நுழைய விடாதீர்கள். அப்படி எழுதச் சொல்லி வற்புறுத்தினால், “தப்பை எழுதிட்டேன் மேடம், என்னைப் பத்தி எழுத மாட்டேன்” என்று நின்றுகொள்ளுங்கள். கோபம் வேண்டாம், இதே வாக்கியம் போதும். ஒரு தடவை தனியாக ரூமில் பார்த்து, “டி விஷயத்துல நீங்க சொன்னது சரி. ஆனா தமிழ் மீடியம்னு சொன்னது எனக்கு மட்டுமில்ல, எங்கிட்ட படிக்கிற தமிழ்ப் பிள்ளைங்களுக்கும் சேர்த்து விழுந்துச்சு” என்றும் சொல்லுங்கள். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் உத்தரவாதம் தரவில்லை.

1,400 ரூபாய் வேறு விஷயம். அலுவலகமும் பார்த்துத்தான் பேனர் கட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. பிடித்தம் செய்வதானால் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் எழுத்தில் கேட்டதுமே பிடித்தம் மறைந்துவிடும். மறையாவிட்டால், அந்தத் தாளோடும் உங்கள் பணி ஆணையோடும் பாலக்காட்டில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அதில் நான் கை வைக்க மாட்டேன்.

ராஜினாமா? இப்போது வேண்டாம். ஜனவரியில் விட்டால் மார்ச் பரீட்சைக்கு இரண்டு வகுப்பும் ஆள் இல்லாமல் நிற்கும், அனுபவச் சான்றிதழுக்கு நீங்கள் அலைய வேண்டி வரும், ஊரிலும் ‘பேனர் தப்பால் போன டீச்சர்’ என்று பேர் நிற்கும். பி.எஸ்.சி.யில் (அரசுப் பணித் தேர்வாணையத்தில்) தமிழ் மீடியம் ஆசிரியர் வேலைக்குத் தயார் ஆகிறேன் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். வருடக் கடைசியில், கையில் வேறு வேலையோடு போனால் போங்கள். மறுபடி மேடை ஓரத்தில் அதே மாதிரி நடந்தால் மட்டும் இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். அப்போது திரும்ப எழுதுங்கள்.

கடைசியாக, பின்குறிப்பில் நீங்கள் கேட்ட சின்னக் கேள்வி. 1,400 ரூபாய் பேனரைக் குப்பையில் போட வேண்டுமா? வேண்டாம். துணிதானே. அதே நிறத்தில் ஒரு துண்டு வாங்கி, அதில் பெரிய டி எழுதி, சின்ன டியின் மேல் வைத்துத் தைத்துவிடுங்கள். கடைசி பெஞ்சில் இருந்து பார்த்தால் தெரியாது. தைக்கும்போது பக்கத்தில் இருக்கும் மேல் கமாவையும் ஒரு தடவை பாருங்கள். கம்ப்யூட்டரில் சொல்லின் முதலில் அதைத் தட்டினால், மேற்கோள் தொடங்குவதாக நினைத்துக்கொண்டு 6 மாதிரி சுழித்துப் போட்டுவிடும். எழுத்து விழுந்ததைக் காட்டும் குறி 9 மாதிரிதான் இருக்க வேண்டும். அடுத்த தடவை தட்டும்போது முன்னால் ஏதாவது ஓர் எழுத்தை அடித்து, அதை ஒட்டி மேல் கமா போட்டு, பிறகு அந்த எழுத்தை அழித்துவிடுங்கள், சரியாக நிற்கும். உங்கள் பேனரில் 6 இருந்தால் அதையும் பிரித்துத் திருப்பித் தையுங்கள். படம் எடுக்கும் அந்த அப்பா அடுத்த டிசம்பரிலும் முன் வரிசையில்தான் உட்காருவார்.